சுரங்க வாசல்ல கம்பி எதுக்குன்னு தெரிஞ்சுட்டு போங்க: வீக்எண்ட் ஹைக்கிங் போற தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல சனி ஞாயிறு ஆனா மலைப் பக்கம் கார் எடுத்துட்டு கிளம்பிடற தமிழ் ஹைக்கிங் குழு மக்கள் எல்லாருக்கும் வணக்கம். சார்லட், கொலம்பஸ், ரிச்மண்ட், வாஷிங்டன் பக்கம் இருக்கறவங்க இதை முக்கியமா படிக்கணும், ஏன்னா அக்டோபர்ல இலை நிறம் மாறுறதை பாக்க மேற்கு வர்ஜீனியாவுக்கு, அதுலயும் நியூ ரிவர் கார்ஜ் தேசியப் பூங்காவுக்கு கூட்டமா கிளம்புறவங்க நீங்க தான்.

குழுக்கள்ல இப்ப சுத்திட்டு இருக்கற பிளான் ஒண்ணு எனக்கும் வந்துச்சு. முதல் நாள் நியூ ரிவர் பிரிட்ஜ், ரெண்டாவது நாள் கைவிடப்பட்ட நிலக்கரி சுரங்கம், "டார்ச் எடுத்துக்கங்க, உள்ள போய் பாக்கலாம், பசங்களுக்கு செம அட்வென்ச்சரா இருக்கும்"னு போட்டிருந்தாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். சுரங்க இடிபாடுகளை பாக்க கட்டாயம் போங்க, பிரிட்ஜை விட அதுக்குத்தான் அதிக நேரம் குடுங்கன்னு கூட சொல்லுவேன். ஆனா கம்பி போட்ட வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்காதீங்க. கம்பி வளைஞ்சிருந்தாலும் சரி, பக்கத்துல மண்ணு சரிஞ்சு ஓட்டை தெரிஞ்சாலும் சரி, முன்னாடி போன யாரோ வீடியோ போட்டிருந்தாலும் சரி.

முதல்ல அந்த இடம் எப்படி அமைஞ்சிருக்குன்னு சொல்லிடறேன், அது புரிஞ்சா அங்க பாக்கற ஒவ்வொரு இரும்புத் துண்டும் எதுக்குன்னு தானா புரியும். நியூ ரிவர் ஆறு மலையை ஆழமா அறுத்துட்டு போகுது, 1977-ல கட்டி முடிச்ச பாலம் ஆத்துக்கு மேல 876 அடி உயரத்துல நிக்குதுன்னா பள்ளத்தோட ஆழத்தை பாத்துக்கங்க. நிலக்கரிப் படுகை இருக்கறது இந்த மலைச்சரிவோட இடுப்புல, செவெல் படுகைன்னு பேரு, கனம் பாத்தா மூணு நாலு அடிதான். அதனால இங்க கிணறு மாதிரி கீழ தோண்டத் தேவை இல்லாம போச்சு, சரிவுல கரி தெரியற இடத்துல இருந்து நேரா மலைக்குள்ள படுக்கையா குடைஞ்சிட்டு போயிட்டாங்க. ரயில் ஓடுறது கீழ ஆத்தங்கரையில. 1873 ஜனவரியில செசபீக் அண்ட் ஓஹாயோ ரயில் பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியா முழுசா இணைஞ்சப்புறம்தான் இங்க நிலக்கரி தொழிலே ஆரம்பிக்குது. நடுவுல வெட்டுற கரியை கீழ ரயிலுக்கு இறக்கணும், இது தான் அவங்களுக்கு இருந்த பெரிய சிக்கல், நீங்க பாக்கற கன்வேயர், சரிவு ரயில், தரம் பிரிச்சு வண்டியில கொட்டுற அந்த பெரிய இரும்புக் கட்டடம் எல்லாமே இதுக்காக வந்தது தான். டிரெயில்ல இறங்கும்போது மேல ஆளுங்க குடியிருப்பு, நடுவுல சுரங்க வாசல், கீழ ரயிலும் சூளையும்னு மூணு தட்டா மனசுல வச்சுக்கங்க, நீங்க பாக்கப் போற கேமூர்ங்கற பழைய சுரங்க இடம் உங்களுக்கு அப்படியே புரிஞ்சிடும்.

கேமூர், ஃபயெட்வில் ஊருக்கு பக்கத்துல தான். வர்ஜீனியாவுல இரும்பு உருக்கின லோ மூர் அயர்ன் கம்பெனி தன்னோட உலைகளுக்கு கோக், அதாவது நிலக்கரியை சூளையில வேக வச்சு எடுக்கற எரிபொருள், வேணும்னு இதை ஆரம்பிச்சுது, 1900-ல இருந்து கரி வெளிய போக ஆரம்பிச்சு, 1925-ல வேற கம்பெனிக்கு கை மாறி, 1962-ல மூடினாங்க. அதுக்குள்ள ஒன்றரை கோடி டன்னுக்கு மேல கரி இந்த ஒரு மலையில இருந்து போயிருக்கு. கேமூர் மைனர்ஸ் டிரெயில்ல இறங்கினா காடு அடர்த்தியா மூடிக்கும், ரோடோடென்ட்ரான் புதர், பாறையில ஒழுகற தண்ணி, அப்புறம் திடீர்னு சரிவு சமமாகுற இடத்துல சுரங்க வாசல், வெடிமருந்து வச்சிருந்த சின்ன கட்டடம், துரு பிடிச்ச சக்கரங்கள். அங்க இருந்து 821 மரப்படி இறங்கினா கீழ தொழிற்சாலை இருந்த இடம். கோக் சூளைங்க வரிசையா இருக்கும், சுமார் 200 இருந்திருக்கு இங்க, பானையை கவுத்து வச்ச மாதிரி உள்ள வளைஞ்சு இருக்கும், மேல ஒரு ஓட்டை, முன்னாடி ஒரு வாசல். மேல் ஓட்டை வழியா கரியை கொட்டி, முன்வாசலை செங்கல் வச்சு அடைச்சு, ரெண்டு மூணு நாள் உள்ளயே வேக விட்டு, அப்புறம் தண்ணி ஊத்தி அணைச்சு, ஆளுங்க நீளமான கம்பியால கையால வெளிய இழுத்து எடுப்பாங்க. அந்த சூட்டுல, அந்தப் புகையில. இப்ப அந்த சூளை மேலேயே மரம் முளைச்சு வேர் விட்டு செங்கல்லை பிரிச்சிட்டு இருக்கு, அதனால மேல ஏறி நின்னு குரூப் ஃபோட்டோ எடுக்கறதை விட்டுடுங்க, வளைவுல ஒரு கல்லு நழுவினா மொத்தமும் உள்ள சரியும், சரிஞ்சது சரிஞ்சது தான், யாரும் திரும்ப கட்டப் போறதில்ல.

கேமூர் சுரங்க வாசல் பக்கத்துல கம்பெனி காலத்து பாதுகாப்பு போர்டு ஒண்ணு இன்னும் இருக்கு. நீங்க பத்திரமா வேலை செய்யணும்னு உங்க குடும்பம் விரும்புதுன்னு எழுதியிருக்கும். ஷிஃப்டுக்கு உள்ள போற ஒவ்வொருத்தரும் அதை தாண்டித்தான் போனாங்க. பசங்களை கூட்டிட்டு போறவங்க அதை பசங்களுக்கு படிச்சு காட்டுங்க, டார்ச்சை விட அது அவங்களுக்கு அதிகம் தேவை.

இப்ப கம்பி விஷயத்துக்கு வர்றேன். நிறைய பேர் நினைக்கறாங்க, மேல இருந்து பாறை விழும், அதுக்குத்தான் பூட்டி வச்சிருக்காங்க, ஹெல்மெட் போட்டா சமாளிச்சிடலாம்னு. பாறை விழுறது நிஜம் தான், அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. இந்த மாதிரி சுரங்கத்துல அறை அறையா கரியை வெட்டி, நடுவுல கரியையே தூணா விட்டு வைப்பாங்க, கூரையை அந்தத் தூணுங்க தாங்கும், அப்புறம் கடைசியா திரும்பி வரும்போது அந்தத் தூணையும் வெட்டி எடுத்துட்டு வருவாங்க, கரியை விட்டுட்டு வர எந்த கம்பெனிக்கும் மனசு வராதே. அதாவது கூரை விழணும்னு தெரிஞ்சே விட்டுட்டு வந்த இடங்கள் உள்ள இருக்கு. முட்டு குடுத்த மரம் அறுபது வருஷத்துக்கு மேல ஈரத்துல கிடந்து மக்கியிருக்கு.

ஆனா அதை விட மோசமானது காத்து. மூடிக் கிடக்கற சுரங்கத்துல கரியும் மக்குற மரமும் மெல்ல மெல்ல ஆக்சிஜனை உறிஞ்சிட்டு கார்பன் டை ஆக்சைடை விட்டுட்டு இருக்கும். அந்தக் காத்துக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கனமா தரையோட படிஞ்சு பள்ளமான இடத்துல தேங்கி நிக்கும். நம்ம மூக்கு எச்சரிக்கவே எச்சரிக்காது, மூச்சு முட்டுறதுக்கு முன்னாடியே சிலருக்கு நினைவு போயிடும், குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுற குழந்தை தான் முதல்ல விழும். போன வாரம் யாரோ போய் நல்லா தானே வந்தாங்கன்னு சொல்றதுக்கும் அர்த்தம் இல்லைங்க, ஏன்னா வெளிய காத்தழுத்தம் குறையுற நாள்ல, மழை மேகம் வர்ற நாள்ல, உள்ள ஆழத்துல இருக்கற கெட்ட காத்து வாசல் வரைக்கும் நகர்ந்து வரும், நேத்து மூச்சு விட முடிஞ்ச இடத்துல இன்னிக்கு முடியாது. இது போக மீத்தேன் தேங்கியிருந்தா ஒரு தீப்பொறி போதும். ஃபோன் சிக்னல் அந்த பள்ளத்துல பெரும்பாலும் கிடைக்காது.

ஒருத்தர் விழுந்தா கூட இருக்கறவர் என்ன செய்வார்? ஓடிப் போய் தூக்கத்தான் பாப்பார். எல்லாருமே அதைத்தான் செய்வோம். அதே ஆத்தங்கரையில தர்மண்ட் ஊர் பக்கம் சவுத்சைட் டிரெயில்னு ஒண்ணு இருக்கு, பழைய ரயில் பாதை மேல போறது, அதுல ரெட் ஆஷ், ரஷ் ரன்னு ரெண்டு ஊர் இருந்த இடம் வரும், காட்டுக்குள்ள சூளைங்க மட்டும் மிச்சம். 1900 மார்ச்ல ரெட் ஆஷ் சுரங்கம் வெடிச்சு 46 பேர் செத்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, 1905 மார்ச்ல, ரஷ் ரன் பக்கம் மறுபடி வெடிச்சுது, உள்ள மாட்டினவங்களை தேடி இறங்கினவங்க அடுத்து நடந்த வெடிப்புல செத்தாங்க, 1905-ல நடந்த இந்த ரெண்டு வெடிப்பும் சேத்து 24 பேர். இறங்கினவங்க சுரங்கத்துலயே வாழ்ந்த ஆளுங்க, எந்த மூலை எங்க திரும்பும்னு கண்ணை மூடிட்டு சொல்லக் கூடியவங்க. அவங்களுக்கே அந்த கதின்னா, சனிக்கிழமை காலையில கார்ல வந்து இறங்கற நம்மளுக்கு என்ன தெரியும்? நமக்காக அப்புறம் உள்ள இறங்க வேண்டி வர்ற மீட்புக்குழுவுல இருக்கறவங்களுக்கும் வீடு, பிள்ளைங்க இருக்காங்க.

அந்தக் கம்பிகளை படுக்கை வசத்துல இடைவெளி விட்டு போட்டிருப்பாங்க, கவனிங்க. அது வௌவாலுங்க பறந்து போய் வர்றதுக்கு. 2006-ல நியூயார்க் பக்கம் முதல்ல கண்டுபிடிச்ச வெள்ளை மூக்கு நோய், ஒரு பூஞ்சைக் காளான், வட அமெரிக்காவுல லட்சக்கணக்கான வௌவால்களை கொன்னுடுச்சு, மேற்கு வர்ஜீனியாவும் தப்பிக்கல. குளிர்காலத்துல தூங்கற வௌவாலை எழுப்பி விடற ஒவ்வொரு தடவையும் சேத்து வச்ச கொழுப்பு கரையும், வசந்தம் வர்ற வரைக்கும் தாங்காம செத்துப் போகலாம். ஒரு குகைக்கு போட்டுட்டு போன ஷூவுல, துணியில ஒட்டிக்கிட்டு அந்தக் காளான் இன்னொரு குகைக்கு போகும். மனுஷன் கைவிட்ட இடத்துல மிச்சம் இருக்கற உயிருங்க அதுங்க தான்.

சரி, வெளிய நின்னு பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. அதுக்கு நட்டல்பர்க் போங்க. ஜான் நட்டல்னு இங்கிலாந்துல சின்ன வயசுலயே சுரங்கத்துல இறங்கி வேலை செஞ்ச ஒருத்தர், அமெரிக்கா வந்து, ரயில் வரப் போகுதுன்னு தெரிஞ்சு 1870-ல இருந்து இங்க நிலம் வாங்கி போட்டு ஆரம்பிச்ச ஊரு. 1920-கள்ல ஹென்றி ஃபோர்டு இதை குத்தகைக்கு எடுத்தார், தன்னோட கார் தொழிற்சாலைக்கு இரும்புல இருந்து கரி வரைக்கும் எல்லாம் தன் கையிலயே இருக்கணும்னு. மலைநடுவுல இருந்து ஆத்தங்கரை வரைக்கும் இறங்குற 1,385 அடி நீள கன்வேயர் அந்த காலத்துல கட்டினது, இன்னும் நிக்குது, மரங்களுக்கு நடுவுல துரு நிறத்துல மலையோட நேரா மேல ஏறிப் போறதை கீழ இருந்து அண்ணாந்து பாக்கணும். கம்பிக்கயித்துல வட்ட வட்டமா இரும்புத் தட்டு கோத்து, அது கரியை தடுத்து தடுத்து மெதுவா இறக்கும், ஏன்னா வேகமா உருண்டா கரி நொறுங்கும், பெரிய கட்டிக்குத்தான் விலை அதிகம். இவ்வளவும் செஞ்சும் ஃபோர்டு 1928-ல விட்டுட்டு போயிட்டார், சுரங்கம் கையில இருந்துச்சு, ரயில் கையில இல்ல. 1958-ல உற்பத்தி நின்னுச்சு, 1998-ல நட்டல் குடும்பம் இடத்தை பூங்காத்துறைக்கு குடுத்துச்சு, அவங்க புதர் வெட்டி, இரும்பை தாங்கு குடுத்து நிறுத்தி, நம்ம நடந்து பாக்குற மாதிரி செஞ்சிருக்காங்க.

ஃபோர்டு பேரு எல்லா போர்டுலயும் இருக்கும், எல்லா ரீல்ஸ்லயும் வரும். நான் உங்களுக்கு சொல்ல நினைக்கறது வேற ஒருத்தரை பத்தி.

இந்த ஊர்ல வெள்ளைக்காரங்க வீடு ஒரு பக்கம், கறுப்பின மக்கள் வீடு இன்னொரு பக்கம், நடுவுல ஷார்ட் கிரீக்னு ஒரு ஓடை. பள்ளிக்கூடம் தனி, சர்ச் தனி. சுரங்கத்துக்குள்ள மட்டும் எல்லாரும் ஒரே இருட்டுல வேலை. 1890-கள் தொடக்கத்துல இங்க கரி வெட்டினவர்ல ஒருத்தர் கார்ட்டர் வுட்சன், வர்ஜீனியாவுல அடிமைகளா இருந்த அப்பா அம்மாவுக்கு 1875-ல பொறந்தவர், படிக்க வசதி இல்லாம சுரங்கத்துக்கு வந்த இளவட்டம். கூட வேலை செஞ்ச ஆலிவர் ஜோன்ஸ்னு ஒரு உள்நாட்டுப் போர் சிப்பாய், எழுத படிக்க தெரியாதவர், ஆனா வீட்டுல புத்தகமும் பேப்பரும் வாங்கி வச்சிருந்தார். ஷிஃப்ட் முடிஞ்சு கறுப்பின தொழிலாளிங்க அவர் வீட்டுக்கு வருவாங்க, ஐஸ்கிரீமும் பழமும் விப்பார், வுட்சன் உக்காந்து எல்லாருக்கும் பேப்பர் படிச்சு காட்டணும், அதுக்கு கூலியா பழமும் ஐஸ்கிரீமும் இலவசம். அந்த வீட்டுல கேட்ட பேச்சுல தான் தன் மக்களோட வரலாறு மேல ஆர்வம் வந்துச்சுன்னு அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார். இருபது வயசு ஆகப் போற நேரத்துல ஹைஸ்கூல் சேந்தார், முடிச்சிட்டு இதே நட்டல்பர்க்குக்கு போற வழியில இருக்கற வினோனா ஊர்ல வாத்தியாரா வேலை பாத்தார், 1912-ல ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்கினார், அங்க அந்த பட்டம் வாங்கின ரெண்டாவது கறுப்பினத்தவர். 1926-ல அவர் ஆரம்பிச்ச வரலாற்று வாரம் தான் இப்ப உங்க பசங்க பள்ளிக்கூடத்துல பிப்ரவரி மாசம் முழுக்க கொண்டாடுற கறுப்பின வரலாற்று மாதம். பிப்ரவரியில பசங்க சார்ட் பேப்பர்ல ஒட்டி கொண்டு போற அந்த விஷயத்தோட வேர் இந்த காட்டுக்குள்ள இருக்கு, நம்ம ஆளுங்க அது பக்கத்துலயே நின்னு கன்வேயரை மட்டும் ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடறாங்கன்னு நினைக்கும்போது எனக்கு தாங்கல.

அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னும் பசங்களுக்கு சொல்லுங்க. கூலி நேரக் கணக்கு கிடையாது, டன் கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட சின்ன உலோக வில்லை இருக்கும், தான் நிரப்பின வண்டியில அதை மாட்டி விடணும், மேல எடை போட்டு கணக்கு எழுதுவாங்க. கூரைக்கு முட்டு குடுக்கறது, விழுந்த கல்லை அள்ளுறது, தண்ணி இறைக்கறது, இதுக்கெல்லாம் பல இடத்துல காசே கிடையாது, ஏன்னா அதுல கரி வரல. பாதுகாப்புக்கு செலவழிக்கற ஒவ்வொரு மணி நேரமும் தன் கூலியில இருந்து போச்சு, ஆளுங்க ஏன் அவசரப்பட்டாங்க, ஏன் செத்தாங்கன்னு இதுல பாதி பதில் இருக்கு. சம்பளத்தை கம்பெனி அடிச்ச காசா குடுப்பாங்க, அது கம்பெனி கடையில தான் செல்லும். வீடும் கம்பெனி வீடு, வேலை போனா வீடும் போச்சு. தெற்கு மாநிலங்கள்ல இருந்து வந்த கறுப்பின குடும்பங்கள், இத்தாலி, ஹங்கேரி, போலந்துல இருந்து கப்பல் ஏறி வந்தவங்க, உள்ளூர் மலைவாசிங்கன்னு இத்தனை பேரும் இந்த மாதிரி அம்பதுக்கு மேற்பட்ட ஊர்ல இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வாழ்ந்தாங்க.

அதனால கீழ கிடக்கற எதையும் எடுக்காதீங்க. இது ரொம்ப அழுத்தி சொல்றேன். ஒரு ஆணி, ஒரு செங்கல், உடைஞ்ச பாட்டில், நம்பர் போட்ட வில்லை எது கிடைச்சாலும் அதே இடத்துல இருக்கட்டும். தேசியப் பூங்காவுல இருந்து இதையெல்லாம் எடுக்கறது சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். அந்த பொருள் எந்த வீட்டு அஸ்திவாரத்துகிட்ட, எந்த சூளை பக்கத்துல கிடக்குதுங்கறது தான் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு சேதி சொல்லும், உங்க வீட்டு ஷோகேஸ்ல வந்துட்டா அது வெறும் துரு. தேதியும் பேரும் சுவத்துல கிறுக்கறவங்களை குழுவுல யாராவது பாத்தா அங்கயே நிறுத்துங்க, கூச்சப்படாதீங்க.

உள்ள போய் பாக்கணும்னு பசங்களுக்கு ஆசை இருக்கும், நியாயம் தான், எனக்கும் உண்டு. அதுக்கு பெக்லி ஊர்ல எக்ஸிபிஷன் கோல் மைன் இருக்கு, நிஜமான பழைய சுரங்கம், 1962-ல இருந்து ஜனங்களுக்கு திறந்து விட்டிருக்காங்க, சுரங்க வண்டியிலயே உக்கார வச்சு உள்ள கூட்டிட்டு போவாங்க, கூட வந்து சொல்றவங்க சுரங்கத்துல வேலை பாத்து ரிடையர் ஆனவங்க. காத்தோட்டம் இருக்கு, கூரையை பாத்துக்கறாங்க. மூணடி உயரத்துல முழங்கால் போட்டு எப்படி வெட்டினாங்கன்னு அவங்க வாயால கேக்கறதுக்கு எந்த திருட்டுத்தனமான டார்ச் பயணமும் ஈடாகாது. குளிர்காலத்துல மூடிடுவாங்க, அதனால தேதி பாத்து பிளான் பண்ணுங்க, உள்ள சில்லுனு இருக்கும், ஸ்வெட்டர் வேணும்.

போறதுக்கு வேண்டிய சில விஷயம். நட்டல்பர்க் இறங்குற கீனீஸ் கிரீக் ரோடு ரொம்ப குறுகல், எதிர்ல வண்டி வந்தா ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கணும், பெரிய வேன் வாடகைக்கு எடுத்து முப்பது பேர் ஒண்ணா போற யோசனையை விட்டுடுங்க, நாலஞ்சு குடும்பமா பிரிஞ்சு போங்க. பார்க்கிங்கும் கொஞ்சம் தான். கேமூர்ல 821 படி இறங்குறது சுலபம், ஏறும்போது தான் தெரியும், ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவை கூட்டிட்டு போறவங்க சுரங்க வாசல் வரைக்கும் மட்டும் போய் திரும்பிடலாம், அதுவே ஏத்தம் தான், இல்லன்னா நட்டல்பர்க்ல கீழ இருக்கற சமமான பாதை அவங்களுக்கு நல்லா இருக்கும். முழுக்கால் பேண்ட் போடுங்க, உண்ணி உண்டு, பாய்சன் ஐவி சூளை செங்கல் மேலயே படர்ந்திருக்கும், கோடையில கல்லு இடுக்குல காப்பர்ஹெட் பாம்பு இருக்கும், கை விடாதீங்க. காலையில கேன்யன் ரிம் விசிட்டர் சென்டர் போய் ரேஞ்சர்கிட்ட அன்னிக்கு எந்த டிரெயில் திறந்திருக்குன்னு கேட்டுடுங்க, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று இடங்களுக்குன்னு பூங்காவே ஒரு கார் டூர் வச்சிருக்கு, அதையும் கேளுங்க.

குழு அட்மின்களா இருக்கறவங்ககிட்ட தனியா ஒரு வேண்டுகோள். அந்த பிளான்ல "சுரங்கத்துக்குள்ள"ன்னு இருக்கற வரியை இன்னிக்கே எடுத்துட்டு, பெக்லியை சேத்து திரும்ப அனுப்புங்க. வரப் போறவங்க எத்தனை பேர் பசங்களோட வர்றாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். யாராவது "நாங்க மட்டும் ரெண்டு பேர் உள்ள போய் பாத்துட்டு வந்துடறோம்"னு அங்க வந்து ஆரம்பிச்சா, அவங்க வயசுல பெரியவங்களா இருந்தாலும், முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லுங்க. சொல்ல சங்கடமா இருந்தா இந்த மடலை அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, கோவத்தை என் மேல காட்டட்டும்.

அன்புடன்,
அதே மலைகள்ல உங்களோட நடக்கற ஒரு ஹைக்கர்